கூட்டுக் குடும்பமா? தனிக் குடித்தனமா?

ரெயிலில் ஒரே ஒரு படுக்கை பாக்கி இருக்கிறது.

அதை இரண்டு பேர் கேட்கிறார்கள். ஒருவர் மதுரையில் இருக்கிறார். இன்னொருவர் டெல்லியில் இருக்கிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் செல்போனில் பொத்தானை அழுத்துகிறார்கள்.

படுக்கை யாருக்கு?

முதலில் வந்தவருக்கு. ஒரு நொடியை ஆயிரம் பங்கு போட்டு, அதில் ஒரு பங்கு முந்தி வந்திருந்தாலும் அவருக்குத்தான். மற்றவருக்கு "இல்லை" என்று பதில் போக வேண்டும்.

இரண்டு பேருக்கும் "உண்டு" என்று பதில் போய்விட்டால்? இரவு ரெயில் பெட்டியில் தகராறு நடக்கும். டிக்கெட்டு பரிசோதகர் நடுவில் நின்று விழிப்பார்.

இந்தச் சின்ன விஷயத்துக்குள் ஒரு பெரிய சண்டை அடங்கி இருக்கிறது. கம்ப்யூட்டர் என்ஜினீயர்கள் பத்து வருஷத்துக்கு மேலாகப் போட்டுக்கொண்டிருக்கும் சண்டை அது.

சாப்ட்வேர் என்பது கம்ப்யூட்டருக்கு மனிதன் எழுதிக் கொடுக்கும் வேலை உத்தரவு. ஒரு பெரிய கம்பெனிக்கு ஆயிரம் வேலை இருக்கும். அவ்வளவையும் ஒரே சாப்ட்வேரில் வைப்பதா? சின்னச் சின்னதாகப் பிரித்து வைப்பதா? இதுதான் சண்டை.

"படித்தவர்கள் சண்டை, மற்றவர்களுக்கு என்ன?" என்று இருந்துவிட முடியாது. பணம் போய், டிக்கெட்டு வராமல் தவிக்கிறவர்கள் யார்? சாதாரண ஜனங்கள்தான்.

ஒரே கல்

எல்லாம் ஒரே சாப்ட்வேரில் இருந்தால், அதற்கு "மோனோலித்" என்று பெயர். கிரேக்க மொழியில் இருந்து வந்த சொல். "ஒரே கல்" என்று அர்த்தம்.

மாமல்லபுரம் போனவர்களுக்கு இது சட்டென்று புரியும். அங்கே உள்ள ஐந்து ரதங்களும் பாறையைச் செதுக்கிச் செய்தவை. ஒட்டு வேலையே கிடையாது. அதே ஊரில் கடற்கரைக் கோவில் இருக்கிறது. அது அப்படி அல்ல. கற்களை வெட்டிக்கொண்டு வந்து, அடுக்கிக் கட்டியது.

ஒரே கல் சாப்ட்வேரில் விற்பனை, சரக்கு இருப்பு, பணக் கணக்கு எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். பக்கத்து அறைகள் மாதிரி. கூப்பிட்டால் உடனே குரல் கேட்கும்.

பிரித்து வைக்கும் முறைக்கு "மைக்ரோ சர்வீஸ்" என்று பெயர். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி சாப்ட்வேர். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக் கணக்குப் புத்தகம். ஒன்றிடம் உள்ள விவரம் இன்னொன்றுக்கு வேண்டுமானால், கம்பி வழியாகச் சேதி அனுப்பிக் கேட்க வேண்டும். 2014-ம் ஆண்டில் ஜேம்ஸ் லூயிஸ், மார்ட்டின் பவுலர் என்ற இரண்டு நிபுணர்கள் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார்கள். அதன் பிறகு இந்தப் பெயர் உலகம் எங்கும் பரவியது.

முதலாவது கூட்டுக் குடும்பம். இரண்டாவது தனிக் குடித்தனம்.

கூட்டுக் குடும்பத்தில் அடுப்பு ஒன்று. செலவு குறைவு. ஆனால், அடுப்பு அணைந்தால் வீடே பட்டினி. தனிக் குடித்தனத்தில் ஒரு வீட்டு அடுப்பு அணைந்தாலும், அடுத்த வீட்டில் சோறு வேகும். ஆனால், ஒரு கை உப்பு வேண்டும் என்றாலும் தெருவில் இறங்கி நடக்க வேண்டும்.

மூன்று நாள் முடக்கம்

தனிக் குடித்தனத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் முதலில் சொல்லும் பெயர் நெட்பிளிக்ஸ்.

இன்று வீட்டுக்கு வீடு படம் காட்டும் அமெரிக்கக் கம்பெனி அது. முன்பு சினிமா டி.வி.டி. தட்டுகளைத் தபாலில் அனுப்பிக்கொண்டு இருந்தது. 2008-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அதன் கணக்குகள் இருந்த பெரிய கம்ப்யூட்டர் பெட்டகம் பழுதாகிவிட்டது. மூன்று நாள் தட்டுகளை அனுப்ப முடியவில்லை.

கம்பெனி விழித்துக்கொண்டது. "ஒன்று விழுந்தால் எல்லாம் விழும் நிலைமை இனி வேண்டாம்" என்று முடிவு செய்தது. அமேசான் கம்பெனியின் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுத்தது. வேலைகளை நூற்றுக்கணக்கான துண்டுகளாகப் பிரித்தது. இந்தக் குடி மாற்றம் ஒரே நாளில் நடக்கவில்லை. 2016-ம் ஆண்டு ஜனவரியில்தான் முடிந்தது. ஏழு வருஷத்துக்கு மேல் பிடித்தது!

பலன் இல்லாமல் போகவில்லை. "உங்களுக்கு இந்தப் படம் பிடிக்கும்" என்று சொல்லும் பகுதி படுத்துவிட்டாலும், பார்த்துக்கொண்டிருக்கும் படம் நிற்காது. அது நல்ல காரணம். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

தொல்லை அடுத்து வந்தது. பெரிய வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு, சின்ன வீட்டுக்காரரும் கடன் வாங்கிப் பந்தல் போட்டார்கள். பத்து என்ஜினீயர்கள் உள்ள கம்பெனிகூடத் தன் சாப்ட்வேரை நாற்பது துண்டு போட்டது. எதற்கு என்று கேட்டால், "நெட்பிளிக்ஸ் செய்கிறதே!" என்று பதில் வந்தது.

செக்மென்ட் என்ற அமெரிக்கக் கம்பெனி 140-க்கும் மேற்பட்ட துண்டுகள் வைத்திருந்தது. அவை விழாமல் தாங்கிப் பிடிப்பதிலேயே மூன்று என்ஜினீயர்களின் பொழுது போயிற்று. கடைசியில் அவ்வளவையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். 2018-ம் ஆண்டில் அவர்களே இதை விவரமாக எழுதி வெளியிட்டார்கள்.

பக்கத்து அறையும் பக்கத்து ஊரும்

பிரித்தால் என்ன கெட்டுப் போகிறது? ஒரு சின்னக் கணக்கு.

ஒரு கம்ப்யூட்டர் தன் நினைவில் உள்ள ஒன்றை எடுத்துப் பார்க்க, ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு நேரம் போதும். அதே கட்டிடத்தில் உள்ள வேறு கம்ப்யூட்டரைக் கேட்டுப் பதில் வாங்க, நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். என்ஜினீயர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு இது.

இரண்டும் கண் இமைப்பதற்குள் முடிகிற காரியம்தானே என்று தோன்றும். ஆனால் வித்தியாசம் 5 ஆயிரம் மடங்கு! முதல் வேலைக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது வேலைக்கு ஏறக்குறைய மூன்றரை நாள். ஒரு காரியம் முடிய இப்படி முப்பது தடவை கேட்க வேண்டி இருந்தால், வாடிக்கைக்காரர் கொட்டாவி விடுவார்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு சாப்ட்வேர் ஆயிரம் மணி நேரத்தில் ஒரு மணி நேரம் படுத்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு ஒன்பது மணி நேரம்கூட ஆகாது. பரவாயில்லை. அதைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றும் அதே மாதிரி படுத்தால்? அதிலும், பத்தும் எழுந்து நின்றால்தான் வேலை நடக்கும் என்றால்? வருஷத்தில் மூன்றரை நாளுக்கு மேல் கடை மூடிக் கிடக்கும்.

இது பிரித்ததன் குற்றம் அல்ல. ஒன்றை ஒன்று எதிர்பார்த்து நிற்கிறவற்றைப் பிரித்ததன் குற்றம்.

பணம் போச்சு, டிக்கெட்டு வரவில்லை

இந்த வேதனை எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டாம். தட்கல் டிக்கெட்டு எடுத்தவர்களைக் கேட்டால் போதும்.

பயணத்துக்கு முந்திய நாள் காலை 10 மணிக்கு ஏ.சி. வகுப்புக்கும், 11 மணிக்கு மற்ற வகுப்புக்கும் தட்கல் கதவு திறக்கும். பெயர், வயது எல்லாம் அடித்தாகிவிட்டது. பணம் கட்டும் இடம் வந்தது. பாங்கியில் இருந்து "உங்கள் கணக்கில் பணம் எடுக்கப்பட்டது" என்று சேதி வந்தது. மனதில் ஒரு நிம்மதி.

ஆனால் டிக்கெட்டு? சக்கரம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில், டிக்கெட்டு பதிவு ஆகவில்லை என்று வருகிறது!

பணம் எங்கே? பாங்கியின் புத்தகத்தில் "கொடுத்தாகிவிட்டது" என்று இருக்கிறது. ரெயில்வேயின் புத்தகத்தில் "டிக்கெட்டு இல்லை" என்று இருக்கிறது. இரண்டு புத்தகமும் அவரவர் வரையில் சரிதான். ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நடுவில் ஒரு சேதி தாமதமாகிவிட்டது, அல்லது தொலைந்துவிட்டது.

ஊரில் தாய்க்கு உடம்பு சரியில்லை என்று அவசரமாகக் கிளம்புகிறவருக்கு இதைச் சொல்லி ஆறுதல் கூற முடியுமா? கையில் இருந்த பணமும் மாட்டிக்கொண்டது. இன்னொரு டிக்கெட்டு எடுக்கப் பணத்துக்கு எங்கே போவார்?

ரிசர்வ் பாங்கிக்கு இது தெரியும். 2019-ம் ஆண்டு செப்டம்பரில் அது ஓர் உத்தரவு போட்டது. யு.பி.ஐ. மூலம் கடைக்குக் கட்டிய பணம் வாடிக்கைக்காரர் கணக்கில் கழிந்து, கடைக்கு உறுதி போய்ச் சேரவில்லை என்றால், அடுத்த 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு.

இங்கேதான் ஒரு விஷயத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். பாங்கியும் ரெயில்வேயும் வேறு வேறு. இரண்டையும் ஒரே வீட்டில் குடிவைக்க முடியாது. ஆகவே இந்தத் தொல்லையைச் சகித்துக்கொண்டு, தவறினால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்து வைக்க வேண்டியதுதான். வேறு வழி இல்லை.

ஆனால், ஒரு கம்பெனி தன் சொந்த வீட்டுக்குள்ளேயே இப்படி இரண்டு புத்தகம் வைத்துக்கொள்வானேன்? ஒரே நொடியில் ஒத்துப்போக வேண்டிய கணக்கை, நாகரிகத்துக்காக இரண்டாகப் பிரித்து வைத்தால், பணம் போய் டிக்கெட்டு வராத கதையைக் காசு கொடுத்து வீட்டுக்கு அழைத்து வந்த மாதிரிதான்.

ஒரு ரெயிலுக்கு ஒரு புத்தகம்

ரெயில்வேக்காரர்கள் இந்த உண்மையைக் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

அந்தக் காலத்தில் ரெயிலுக்கு ஒரு தடித்த புத்தகம் இருக்கும். குமாஸ்தா பேனாவால் பெயர் எழுதுவார். புத்தகம் ஓர் ஊரில்தான் இருக்க முடியும். மற்ற ஊர்களுக்கு ஆளுக்குக் கொஞ்சம் இடம் பங்கு பிரித்துக் கொடுப்பார்கள். ஓர் ஊர்ப் பங்கு காலியாகக் கிடக்கும். இன்னோர் ஊரில் ஜனங்கள் வரிசையில் நின்று ஏமாந்து திரும்புவார்கள்.

1985-ல் டெல்லியில் கம்ப்யூட்டர் முன்பதிவு தொடங்கியது. பிறகு மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து மையங்கள் ஆயின. முதலில் அவை தனித்தனியாக இருந்தன. 1999-ல் "கான்சர்ட்" என்ற சாப்ட்வேர் மூலம் ஐந்தையும் இணைத்து முடித்தார்கள். அதற்குப் பிறகு, எந்த ஊர் ஜன்னலில் நின்றும் எந்த ஊர் ரெயிலுக்கும் டிக்கெட்டு வாங்க முடிந்தது. 2002-ல் வீட்டில் இருந்தே இன்டர்நெட்டில் டிக்கெட்டு எடுக்கும் வசதி வந்தது.

இதில் உள்ள புத்திசாலித்தனம் என்ன? ஜன்னல்கள் ஆயிரம் ஆயின. ஆனால் படுக்கைக் கணக்கை ஆயிரமாகப் பிரிக்கவில்லை. ஒரு ரெயிலின் படுக்கைகளுக்கு ஒரே புத்தகம். மதுரைக்காரரும் டெல்லிக்காரரும் அந்த ஒரே புத்தகத்தின் முன்னால்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

2025-ம் ஆண்டு ஜூன் மாதம் ரெயில்வே அமைச்சகம் ஒரு கணக்குச் சொன்னது. அப்போது நிமிடத்துக்கு 32 ஆயிரம் டிக்கெட்டு பதிவு செய்ய முடிந்தது. "இடம் இருக்கிறதா?" என்று கேட்பவர்களுக்கு நிமிடத்துக்கு 4 லட்சம் பதில் சொல்ல முடிந்தது. புதிய ஏற்பாட்டில் பதிவு ஒன்றரை லட்சமாகவும், விசாரணை 40 லட்சமாகவும் உயரும் என்று அறிவித்தார்கள்.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வாங்குகிறவர் ஒருவர் என்றால், விசாரிக்கிறவர் பத்துக்கு மேல்! ஜவுளிக் கடையிலும் இதே கதைதானே?

விசாரணைக் கூட்டத்தைத் தனி வாசலில் நிறுத்திவிடலாம். அவர்களுக்குச் சொல்லும் பதில் அரை நிமிடம் பழசாக இருந்தாலும் குடி முழுகிவிடாது. "12 இடம் இருக்கிறது" என்று பார்த்துவிட்டு உள்ளே போனால், காத்திருப்புப் பட்டியல் என்று வரும். எரிச்சல்தான். ஆனால் ஒருவர் படுக்கையை இன்னொருவருக்கு விற்ற பாவம் அதில் இல்லை.

ஆக, விசாரணை பிரியலாம். செல்போனுக்குச் சேதி அனுப்பும் வேலை பிரியலாம். சாப்பாட்டு ஆர்டர் பிரியலாம். படுக்கைக் கணக்கு பிரியக் கூடாது.

பனிச் சறுக்குப் பலகை விற்றவர்

இப்படிப் பாதி சேர்த்து, பாதி பிரித்து வெற்றி கண்ட கம்பெனி ஒன்று கனடாவில் இருக்கிறது. பெயர் ஷாப்பிபை.

அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் தோபியாஸ் லூட்கே. 2004-ல் அவர் பனியில் சறுக்கும் பலகைகளை இன்டர்நெட்டில் விற்கக் கடை போட்டார். கடை நடத்தச் சரியான சாப்ட்வேர் கிடைக்கவில்லை. தானே எழுதினார். பிறகு பலகையை விட்டுவிட்டு, அந்தச் சாப்ட்வேரையே மற்ற கடைக்காரர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். பலகையைவிடச் சாப்ட்வேர் நன்றாகச் சறுக்கிக்கொண்டு போயிற்று!

அது ஒரே கல் சாப்ட்வேர். 2020-ல் அது 28 லட்சம் வரிகளாக வளர்ந்திருந்தது. "துண்டு போடுங்கள்" என்று சொல்ல ஊரில் ஆள் இல்லாமலா இருந்தார்கள்? கம்பெனி அவசரப்படவில்லை. வீட்டை இடிக்காமல் உள்ளே சுவர் எழுப்பியது. ஆர்டர் ஓர் அறை. சரக்கு ஓர் அறை. வரி ஓர் அறை. ஒருவர் அறைக்குள் இன்னொருவர் கதவைத் தட்டாமல் நுழையக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்தது. வீடு ஒன்றுதான். வாசலும் ஒன்றுதான்.

இரண்டு வேலைகளை மட்டும் வெளியே தனியாகக் குடி வைத்தது.

ஒன்று, கடைப் பக்கத்தைக் காட்டும் வேலை. வந்து பார்த்துவிட்டுப் போகிறவர் கூட்டம் பெரிது. அவர்களுக்கு வேகம் வேண்டும். அவர்கள் எதையும் மாற்றப் போவதில்லை, பார்க்கத்தான் போகிறார்கள்.

மற்றொன்று, கிரெடிட் கார்டு எண்களைப் பூட்டி வைக்கும் வேலை. நகைப் பெட்டியை வரவேற்பு அறையில் வைப்பார் உண்டா? அதற்குத் தனிக் காவல் வேண்டும்.

எதைப் பிரித்தாலும் ஒரு காரணம் சொல்ல முடிய வேண்டும். ஷாப்பிபை சொன்ன இரண்டு காரணமும் சந்தைக்குப் போகும் பெண்களுக்குக்கூடப் புரியும்.

ஒரே ஆள், 60 லட்சம் ஆர்டர்

"ஒரே இடத்தில் வைத்தால் வேகம் போய்விடுமே?" என்று கேட்கலாம். லண்டனில் இருந்து அதற்குப் பதில் வந்தது.

லண்டனில் எல்மாக்ஸ் என்ற பணச் சந்தைக் கம்பெனி இருக்கிறது. வாங்குகிறேன், விற்கிறேன் என்று வரும் ஆர்டர்களை நொடிப் பொழுதில் ஜோடி சேர்க்க வேண்டும். இந்த வேலைக்குக் கம்ப்யூட்டருக்குள் பல "ஆள்"களைப் போடுவது வழக்கம். எல்மாக்ஸ் ஒரே ஆளைப் போட்டது. அந்த ஒற்றை ஆள் ஒரு நொடியில் 60 லட்சம் ஆர்டர்களைக் கவனித்தார்! 2011-ல் மார்ட்டின் பவுலர் இதைப் பற்றி எழுதியபோது பலர் நம்பத் தயங்கினார்கள்.

ரகசியம் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த ஆள் யாரையும் எதிர்பார்த்து நிற்பதில்லை. வேண்டிய கணக்கு முழுவதும் கைக்கு எட்டும் தூரத்தில், நினைவிலேயே இருக்கிறது. வரும் ஆர்டரைப் பிரித்து வைப்பது, நகல் எழுதிப் பத்திரப்படுத்துவது, பதிலை அனுப்புவது எல்லாம் சுற்றிலும் உள்ள மற்ற ஆட்கள் வேலை. சமையல்காரர் அடுப்பை விட்டு நகருவதே இல்லை. காய் நறுக்கவும், பரிமாறவும் வேறு ஆள் இருக்கிறார்கள்.

அமேசான் விஷயம் இன்னும் வேடிக்கை. வாடகைக் கம்ப்யூட்டர் வியாபாரத்தில் பெரிய முதலாளி அந்தக் கம்பெனிதான். அதன் பிரைம் வீடியோ பிரிவில், படமும் ஒலியும் சரியாகப் போகின்றனவா என்று கண்காணிக்க ஒரு சாப்ட்வேர் வைத்திருந்தார்கள். துண்டு துண்டாகப் பிரித்துக் கட்டியது. எதிர்பார்த்த சுமையில் நூற்றுக்கு 5 பங்கு ஏறியதுமே அது திணறியது. துண்டுகளை ஒன்றாகச் சேர்த்தார்கள். செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது! 2023-ல் அவர்களே இதைச் சொன்னார்கள்.

உடனே ஒரு கூட்டம், "பார்த்தீர்களா! தனிக் குடித்தனம் தோற்றது!" என்று கை தட்டியது. அதுவும் தவறு. அமேசான் சேர்த்தது ஒரே ஒரு கண்காணிப்பு வேலையை மட்டும்தான்.

45 நிமிடம்!

பல பெட்டிகளில் வேலை நடந்தால், எல்லாப் பெட்டியும் ஒரே பேச்சுப் பேச வேண்டும். ஒன்று மாறிப் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. அதைத் தனிக் குடித்தனத்தின் குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனாலும், பிரிக்கப் புறப்படுகிறவர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நைட் கேப்பிட்டல் என்பது பங்கு வியாபாரக் கம்பெனி. 2012-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி புதிய சாப்ட்வேருடன் வியாபாரம் தொடங்க வேண்டும். 8 கம்ப்யூட்டர்களில் அதை ஏற்ற வேண்டும். ஊழியர் 7-ல் ஏற்றினார். ஒன்றை விட்டுவிட்டார். இரண்டாவது ஆள் யாரும் சரிபார்க்கவில்லை.

அந்த எட்டாவது பெட்டியில் பழைய சாப்ட்வேர் இருந்தது. 2003-ல் இருந்து உபயோகிக்காத பகுதி ஒன்றும் அதில் தூங்கிக்கொண்டு இருந்தது. புதிய உத்தரவு வந்ததும் அது விழித்துக்கொண்டது. வாங்கு, வாங்கு என்று வாங்கியது. விற்பதையும் விற்றது. நிறுத்தவே இல்லை.

காலையில் சந்தை திறப்பதற்கு முன்பே, பழுது இருக்கிறது என்று 97 எச்சரிக்கைக் கடிதங்கள் கம்ப்யூட்டரில் வந்திருந்தன. யாரும் பொருட்படுத்தவில்லை.

பிறகு பதற்றத்தில் ஒரு காரியம் செய்தார்கள். சரியாக இருந்த 7 பெட்டிகளில் இருந்து புதிய சாப்ட்வேரை எடுத்தார்கள். ஒரு பெட்டி செய்த அட்டகாசத்தை இப்போது எட்டும் செய்தன!

45 நிமிடத்தில் 40 லட்சம் வியாபாரம் நடந்துவிட்டது. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். அடுத்த ஆண்டு அந்தக் கம்பெனி இன்னொரு கம்பெனியோடு சேர்ந்துவிட்டது.

எட்டுப் பெட்டிக்கே இந்தக் கதி. இருநூறு துண்டு வைத்திருக்கிறவர், ஒவ்வொரு நாளும் இருநூறையும் ஒரே பேச்சில் வைத்திருக்க ஆள் வைத்திருக்கிறாரா? வைத்திருந்தால் தாராளமாகப் பிரிக்கட்டும். இல்லை என்றால், சும்மா இருப்பது நல்லது.

குடும்பம் எப்படியோ, வீடும் அப்படியே

1968-ல் மெல்வின் கான்வே என்ற அமெரிக்கர் ஒன்றைக் கண்டு சொன்னார். ஒரு கம்பெனி ஆட்கள் எப்படிப் பிரிந்து உட்கார்ந்து பேசிக்கொள்கிறார்களோ, அவர்கள் கட்டும் சாப்ட்வேரும் அதே வடிவத்தில்தான் வரும் என்றார். 50 வருஷத்துக்கு மேல் ஆகியும் அது பொய்க்கவில்லை. நூறு பேர் நாலு மாடியில் வேலை செய்தால், சாப்ட்வேர் பிரிவது இயற்கை. எட்டுப் பேர் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது ஏன் பிரிய வேண்டும்?

அதற்காக ஒரே கல்லைக் கண்ணை மூடிக்கொண்டு போற்றவும் முடியாது. சுவரே இல்லாத பெரிய கூடத்தில், அவரவர் மற்றவர் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டிருந்தால், கடைசியில் எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு வரியை மாற்றினால் எங்கோ கூரை ஒழுகும். பல பழைய கம்பெனிகள் இந்த நிலைமையில்தான் இருக்கின்றன. அவர்களுக்கு முதலில் வேண்டியது சுவர். தனி வீடு அல்ல.

மறுபடியும் தட்கல் பணத்துக்கு வரலாம். சினிமா டிக்கெட்டு விற்கும் கம்பெனிகள் ஓர் உபாயம் செய்கின்றன. இருக்கையைத் தொட்டதும் அதைச் சில நிமிடம் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பிறகுதான் பணம் கேட்கின்றன. ரெயிலில் பணம் முதலில், படுக்கை பிறகு. அதனால்தான் பணம் கட்டி முடிப்பதற்குள் படுக்கை போய்விடுகிறது. ஆனால் தட்கலில் படுக்கையைப் பிடித்து வைத்தால், வாங்க எண்ணம் இல்லாதவர்களும் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். உண்மையான பயணி வெளியே நிற்பார். ரெயில்வே தயங்குவதில் நியாயம் உண்டு.

இன்னொரு வழி ஏற்கனவே இருக்கிறது. ரெயில் டிக்கெட்டு விற்கும் ஐ.ஆர்.சி.டி.சி.யில் "இ-வாலட்" என்று ஒரு பை வைத்திருக்கிறார்கள். பணத்தை முன்கூட்டியே அதில் போட்டு வைத்துவிடலாம். டிக்கெட்டு எடுக்கும் அந்த நொடியில் பாங்கி வரை போய்வர வேண்டியதில்லை. நடுவில் ஒரு கம்பி குறைகிறது. போட்டு வைத்த பணத்துக்கு வட்டி கிடையாது. மாதச் சம்பளக்காரர் எல்லோருக்கும் ஆயிரம், இரண்டாயிரத்தை அப்படி ஒதுக்கி வைக்க முடியாது. ஆனால் அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள், வீட்டில் வயதானவர்களை வைத்துக்கொண்டு வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள், யோசித்துப் பார்க்கலாம். காலை 10 மணிக்குச் சக்கரம் சுற்றும்போது, அந்தக் கம்பி ஒன்று குறைந்தாலும் லாபம்தான்.